பயில்வான் டப்பா

"ஒரு துருப்பிடிச்ச டப்பா. அதைத் தம்பிக்குக் கொடுக்க மனசு வரலை பாருங்க, உங்க அக்காவுக்கு."

சாதத்தைத் தட்டில் போடும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"தூக்கிப் போட்டுட்டேன்னு போன்ல சொன்னாளே" என்றார் கணவர்.

"அவங்களா? பிஞ்ச செருப்பைக்கூடப் பத்திரப்படுத்தறவங்க."

அவருக்குச் சத்து பானக் கம்பெனியில் விற்பனை வேலை. கம்பெனி விழாவுக்கு, அந்தக் காலத்து விளம்பரத்தில் புஜத்தை மடக்கி நின்ற பயில்வானையே அழைத்திருந்தார்கள். அவர் படம் போட்ட பழைய டப்பா கொண்டுவருகிறவர், மேடையில் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். முதலாளி கண்ணில் பட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

கணவரின் சின்ன வயதிலேயே அம்மா போய்விட, அக்காதான் அவரை வளர்த்தாள். பயில்வான் டப்பாவை எதிரே வைத்தால்தான் அவர் டம்ளர் காலியாகுமாம். இன்றைக்கும் கடை கடையாக ஏறி, "நான் இந்தப் பயில்வானைப் பார்த்தே வளர்ந்தவன் சார்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். கடைக்காரர்கள் அவர் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு பெட்டி கூடவே இறக்கச் சொல்வார்கள்.

"சந்தேகமா இருந்தா நீயே நேர்ல போய்ப் பாரேன்" என்றார்.

போனாள். நாத்தனார் பால் வாங்கக் கீழே இறங்கியதும் சமையலறைக்குள் நுழைந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் புஜத்தை மடக்கிக்கொண்டு பயில்வான்.

'என்ன கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள்!'

கையில் எடுத்துத் திருப்பினாள். படம் டப்பாவில் அச்சடித்தது இல்லை. ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியது. ஒரு காது மட்டும் தனியாக, கொஞ்சம் கோணலாக. ஓரம் உரிந்த இடத்தில் 'பால் பவுடர்' என்ற எழுத்து எட்டிப் பார்த்தது.

"பார்த்துட்டியா?"

நாத்தனார் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தாள்.

"நான் வேலை பார்த்த வீட்டுல வேண்டாம்னு போட்ட டப்பா அது. இவன் கஞ்சியைக் கண்டாலே வாயை மூடிப்பான். தெருமுனை விளம்பரப் பலகையில பயில்வானைப் பார்த்தா மட்டும் அப்படியே நின்னுடுவான். அதான் படத்தை ஒட்டி, உள்ள வறுத்த கோதுமை மாவையும் சர்க்கரையையும் போட்டு வச்சேன். மறுநாள்லேருந்து ரெண்டு டம்ளர் கேட்டான், கடன்காரன்."

சிரித்தவள் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர் முழுக்கப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறான். டப்பா மேடை ஏறினா அவன் முகம் என்னாகும்? இல்லைன்னே சொல்லிடு, கண்ணு."

வீட்டுக்கு வந்தவள் கணவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நிஜமாவே இல்லீங்க. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டாங்க போல."

அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பிய அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போனாப் போகுது விடுங்க. ஒரு போட்டோதானே?"

"போட்டோ யாருக்கு வேணும்? அந்த டப்பாவுல படம் ஒட்டின பசை காயறதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேன்."

அவள் திரும்பினாள்.

"போர்வைக்குள்ளேருந்து பார்த்துக்கிட்டிருந்தேன். கத்தரிக்கோல் வழுக்கி, அக்கா பயில்வான் காதை வெட்டிட்டா. ஐயய்யோன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டு அதைத் தேடி எடுத்து ஒட்டினா. மறுநாள் நான் குடிக்கிற வரைக்கும் என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னா. எப்படிக் குடிக்காம இருக்க முடியும்? கடைக்காரங்ககிட்டகூடப் பார்த்து வளர்ந்தேன்னுதானே சொல்றேன். குடிச்சு வளர்ந்தேன்னு ஒரு நாள் சொல்லியிருக்கேனா?"

"அப்புறம் எதுக்கு அந்த டப்பாவை அப்படிக் கேட்டீங்க?"

"அக்கா இன்னும் வச்சிருக்காளான்னு தெரிஞ்சுக்கணும் போல இருந்தது. அவ்வளவுதான்."

அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அரிசி டின்னுக்குப் பின்னால இருக்கு. காது விழாம அப்படியே இருக்குங்க."