மைனருக்குப் பத்தியம்

நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தாலும் என் மீசையில பாதியை எடுத்துடுறேன். எந்தப் பாதின்னு நீங்களே சொல்லுங்க.

நான் நாய் டாக்டர்கிட்ட வேலை பாக்குறேன். குளிப்பாட்டுறது, ஊசி போடும்போது அமுக்கிப் புடிக்கிறது, கடி வாங்குறது, எல்லாம் நம்ம டிபார்ட்மெண்டு.

வாராவாரம் ஒரு பெரியவர் தன் நாயை மருந்துக் குளியலுக்குக் கூட்டிட்டு வருவாரு. உடம்பெல்லாம் சொறி. ஆனா நடை மட்டும் மாப்பிள்ளை நடை. அதனால நான் வச்ச பேரு மைனர். என்மேல உசுரு அதுக்கு. வந்ததும் மூக்கை என் சட்டைப்பையில சொருகிடும்.

"இதுக்குக் கோழி ஒத்துக்கல. எட்டு வாரம் மீனும் உருளைக்கிழங்கும்தான்"னு டாக்டர் பத்தியம் போட்டிருந்தாரு.

ஆறாவது வாரம் பெரியவரோட மருமகளும் வந்தாங்க. மைனர் வயிறு தக்காளியாட்டம் செவந்து கெடக்கு.

டாக்டர் எகிறினாரு. "யாரோ திருட்டுத்தனமா கோழி குடுக்குறீங்க! மறுபடி மொதல்லேருந்து எட்டு வாரம்!"

மருமக டக்குனு திரும்பினாங்க. "மாமா, உண்மையைச் சொல்லுங்க. தட்டுல கோழி இல்லாட்டி சோறு எறங்காத ஆளு நீங்கதான்."

பெரியவர் மைனரைப் பாத்தாரு. என்னையும் என் சட்டைப்பையையும் பாத்தாரு. தலையைத் தொங்கப்போட்டாரு.

"நான்தாம்மா. பாவமா பாத்துச்சு..."

"அப்படியா? இனிமே அது திங்கிறதுதான் உங்களுக்கும். எட்டு வாரம் வீட்டுல கோழியே கெடையாது!"

எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்தம்மா மருந்து வாங்கப் போனதும் ஆரம்பிச்சேன். "ஏன் பெரியவரே, இந்த வயசுல இது தேவையா? வாயில்லாத ஜீவன் பாருங்க!"

அவரு என் சட்டைப்பையிலேருந்து பிஸ்கட் பாக்கெட்டை உருவினாரு. குளிக்கும்போது மைனர் துள்ளாம இருக்க ரெண்டு போடுவேன், அந்த எலும்பு பிஸ்கட்டு.

"படிக்கத் தெரியுமாப்பா?"

"கையெழுத்து போடுவேன்."

"கோழித்தூள் கலந்ததுன்னு போட்டிருக்கு."

பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு கோழிப் படம்கூட இல்ல.

"அப்பவே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க. என்னை வீட்டை விட்டா தூக்கப்போறாங்க?"

அன்னிக்கோட பிஸ்கட்டு போடுறதை விட்டேன். மைனருக்கு இப்ப புதுசா முடி மொளைக்குது. அது வெயில்ல காயிற நேரத்துல, பின்பக்கமா பெரியவருக்கு ஒரு பொரிச்ச கோழிக்கால் போயிடும்.

கதை கேட்டீங்கல்ல? நைசா நழுவாதீங்க. இந்த வாரக் கோழி உங்க செலவு. காலு அவருக்கு, மிச்சமெல்லாம் எனக்கு!