அளவு வராத ஆர்டர்

"அளவு இல்லாம கால் செய்யச் சொன்னா எப்படி சார்? நான் என்ன செருப்புக் கடையா வச்சிருக்கேன்?"

கேட்டவள் காலக்கா. செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் அச்சு வார்க்கிறவள். சொந்தப் பேர் அவளுக்கே மறந்துபோகும் அளவுக்கு எல்லாருக்கும் அவள் காலக்காதான்.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பொது அளவுல போடுங்கம்மா. அஞ்சு வயசுலேர்ந்து பத்து வயசு வரைக்கும். பாதி இடது, பாதி வலது. மொத்தம் ஆயிரம்."

ஆயிரம் என்றதும் பட்டறைக்கே உயிர் வந்தது. ஆர்டர் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த இடம். இந்த மாதத்தோடு பூட்டு என்று பேச்சு. காலக்கா வீட்டில் புருஷனுக்கும் வேலையில்லை. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"வாயை அடக்குக்கா," என்று கிசுகிசுத்தாள், கால்களுக்குச் சாயம் பூசுகிறவள். "எங்க சோத்துல மண்ணைப் போட்டுடாதே."

காலக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. எப்போதும் ஆஸ்பத்திரியில் குழந்தையின் நல்ல காலைக் காகிதத்தில் வரைந்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் இல்லாத காலை இவள் செய்வாள். போன வருஷம் ஒரு சிறுமிக்குச் சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தது. இவளும் அப்படியே மடக்கி வைத்தாள். ஜோடி சேர வேண்டாமா? உலகத்தில் உடைக்கிறவர்கள் கோடிப் பேர், உண்டாக்குகிறவர்கள் நாங்கள் நாலு பேர் என்று அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"அரை விரல்கடை கூடக் குறைய இருந்தாலும் பிள்ளை நொண்டும் சார். வளர்ற உடம்பு, இடுப்பே கோணிடும். ஆஸ்பத்திரி நம்பரைக் குடுங்க, நானே பேசி வாங்கிக்கறேன்."

"ஆஸ்பத்திரி ஆர்டர் இல்லைம்மா. ஒரு வெளிநாட்டுக் கவர்மென்ட் ஆர்டர்."

"அப்ப அவங்ககிட்ட கேளுங்க. ஒரு காகிதம், ஒரு பென்சில். அதுக்குக்கூடவா பஞ்சம்?"

"கேட்டேன். அளவு தர முடியாதுன்னுட்டாங்க."

"நீங்களும் சரின்னு வந்துட்டீங்க."

காலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு வந்தால் போதும், எந்தக் குழந்தை நொண்டினால் இந்த மனுஷனுக்கு என்ன?

"உங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு சார்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேலை போனாலும் போகட்டும் என்று மிச்சத்தையும் சொன்னாள்.

"அளவு வராம நான் அச்சைத் தொடமாட்டேன். சூடு போட்டாலும் சரி."

சாயம் பூசுகிறவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படி வாங்கம்மா," என்று மேனேஜர் அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் தூங்கிப் பல நாளாகியிருக்கும் என்று.

"கோவிச்சுக்காதீங்க. அளவு தரமாட்டேன்னு அவங்க அடம் பிடிக்கல. எடுக்க வழியில்ல."

"ஏன், குழந்தைங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கமா சிதறிப் போச்சா? அந்த நாட்டுல நடக்கற சண்டை அவ்வளவு மோசமா?"

"சண்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லம்மா. அடுத்த மாசம் ஆரம்பிக்கப் போறாங்களாம். முன்னேற்பாடா வாங்கி வைக்கறாங்க."

மேனேஜர் ஆர்டர் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"எந்தப் பிள்ளைக்கு எந்தக் கால்னு யாருக்கும்மா தெரியும்? எல்லாம் இப்ப ரெண்டு காலாலயும் ஓடி விளையாடிட்டிருக்குங்க."