பன்னிரண்டாவது இரும்பு

"யோவ் பெரியவரே, காட்டுக்குள்ள என்னய்யா புதைச்சு வெச்சிருக்கே?"

தீனதயாளன் போட்ட சத்தத்தில் வரப்பில் மேய்ந்த ஆடுகளே மிரண்டன.

பூமிக்கடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா என்று மின்காந்த அலை அனுப்பிப் பார்க்க, ராசிபுரம் பக்கம் வந்திருந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். இரண்டு நாளாக ஒழுங்காக வந்த அளவு, சின்னண்ணனின் சோளக்காட்டில் மட்டும் தாறுமாறாகக் குதித்தது.

சின்னண்ணன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க சார்."

உதவியாளன் மதன், இரும்பைக் கண்டுபிடிக்கும் வளையத்தை எடுத்து வந்தான். அது கீச்சிட்ட இடத்தைக் கொத்தினால் ஏர்க்கொழு. நாலடி தள்ளி மோட்டார் பைப். அப்புறம் ஒரு சைக்கிள் ரிம். எல்லாவற்றின் மேலும் நேற்றுத் தோண்டிய புதுமண்.

"இரும்பு கிட்டத்துல இருந்தா அலை கெட்டுரும்னு நேத்து ஊர்க்காரங்ககிட்டச் சொன்னேன். அதை வெச்சு எனக்கே வேலை காட்டறியா?"

"எண்ணெய் இருந்துச்சுன்னா காட்டையே தோண்டிப் போடுவீங்களாமா?"

"இது பாறை பூமிய்யா. அநேகமா ஒண்ணும் இருக்காது. இல்லைன்னு எழுதறதுக்காவது அளக்கணுமில்ல? பொழப்பைக் கெடுக்க மட்டும் நல்லாத் தெரியுது!"

சின்னண்ணன் மண்வெட்டியை வாங்கி, புதைத்ததையெல்லாம் தானே தோண்டி வரப்பில் போட்டார். பதினோரு இரும்பு.

"அவ்வளவுதானுங்க."

மதன் கடைசியாக ஒரு சுற்று வந்தான். வேலியோரம், தீனதயாளன் நிழலுக்கு ஒதுங்கியிருந்த பூவரச மரத்தடியில், வளையம் மறுபடியும் கீச்சிட்டது.

"பாத்தியா புளுகை! இதையும் எடுய்யா."

சின்னண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இது உங்களை ஏமாத்தப் புதைச்சதில்லீங்க. எம்புள்ள தனப்பிரியா. ஏழு வயசு. பொறந்ததுல இருந்தே காலு சூம்பிப் போச்சுங்க. ஆஸ்பத்திரியில காலுக்கு இரும்புக் கம்பி மாட்டி உட்டாங்க. அதோடயே..."

தீனதயாளன் சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தார். குனிந்து, இன்னும் கீச்சிட்ட வளையத்தை நிறுத்தினார்.

மதன்தான் வாய்தவறிக் கேட்டான். "கழட்டாமயா அடக்கம் பண்ணுனீங்க?"

சோத்துப் போசியோடு வந்து நின்ற சின்னண்ணனின் மனைவி பாப்பாயி, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது இல்லாம எம்புள்ள எப்படிச் சாமி நடந்து போவா?"