பதினெட்டாவது சோதனை

சுழலும் இரண்டு இரும்புச் சக்கரங்களின் வேகத்திலேயே மேலெழும்ப வேண்டிய இயந்திரம் ஒன்றைப் பாகூரில், தன் அண்ணனின் பம்புசெட் கொட்டகையில், அரிகரன் கட்டியிருந்தான். நெல் நிறுக்கும் தராசில் ஏற்றி ஓட்டிப் பார்த்தான். நாற்பத்தெட்டு கிலோ. ஒரு கிராம்கூட இறங்கவில்லை.

"தராசுல இன்னாடா தில்லுமுல்லு பண்ண?" என்று அண்ணன் சிங்காரவேலு சீறினார். நெல் வியாபாரிகளிடம் ஏமாந்தவர். எந்தத் தராசையும் தானே ஏறி நின்றுதான் சோதிப்பார். அவர் எழுபத்திரண்டு கிலோ. தராசு அறுபத்தெட்டு காட்டியது.

அதன்பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் வந்து கத்தினார். சக்கரங்கள் நின்றதும் தராசில் ஏறினார். ஒவ்வொரு முறையும் நான்கு கிலோ குறைந்தது. தொப்பையும் குரலும் அப்படியேதான் இருந்தன. இயந்திரம் நாற்பத்தெட்டைவிட்டு அசையவில்லை.

பதினேழாவது முறை, தராசு நான்கு காட்டியது.

"ஓட்டைத் தராசு! நாளிக்கே உன் சாமானையெல்லாம் ஏரில வீசறேன் பாரு!"

கொட்டகை வாசலெல்லாம் மழைச் சேறு. இருவரும் அதன் மேல்தான் நடந்து வந்திருந்தார்கள்; ஆனால் அதில் அரிகரனின் காலடிகள் மட்டுமே பதிந்திருந்தன. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருண்ணா, இன்னும் ஒரே ஒரு தபா," என்று சொல்லி சுவிட்சைப் போட்டான்.