தாமரைக் கரை

"அந்தக் கையை மறைக்காதையுங்கோ அக்கா..."

"மறையுங்கோ அக்கா. கன்னத்திலை கை வைச்ச படத்தைக் கல்வெட்டிலை போட்டா வீட்டுக்கு ஆகாது எண்டு..."

"உனக்கு எல்லாம் ஆகாது," என்று அண்ணன் தங்கையைப் பார்த்துச் சொன்னான்.

கொக்குவில் ஸ்ரேசனடியில் தட்டச்சு, போட்டோப்பிரதிக் கடை வைத்திருக்கும் கேதீஸ்வரி, மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அண்ணனும் தங்கையும் ஒருமித்து ஒரு சொல் சொன்னால் வேலையைத் தொடங்கலாம்.

அவர்களுடைய தகப்பன் ஆழ்வாப்பிள்ளை செத்து நாளை மறுநாள் முப்பத்தொராம் நாள். அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு, அவருடைய நினைவுப் புத்தகம், இன்றே அச்சுக்குப் போயாக வேண்டும். முகப்புப் படத்தைச் சுற்றிப் பூக்கரை போடுகிற இடத்தில்தான் இந்தச் சண்டை.

மகன் பிரகலாதன் கனடாவிலிருந்து வந்து இறங்கும்போது தகப்பன் சாம்பலாகிவிட்டார். படமாவது தன் விருப்பப்படி இருக்க வேண்டும் என்று நின்றான். தங்கையின் மகளுடைய செல்போனில் நேற்று அவனே தேடிப் பிடித்த படம் இது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி, கன்னத்தில் கை, பேத்தியைப் பார்த்து ஒரு சிரிப்பு.

தங்கை நிரோஜினி அடையாள அட்டைப் படமே போதும் என்றாள். அதில் அப்பா பொலிசைக் கண்டவர் மாதிரி முழிக்கிறார் என்று அவன் தள்ளிவிட்டான்.

கேதீஸ்வரிக்குக் கொம்பியூட்டரில் பெயின்ற் தவிர வேறொன்றும் ஓடாது. ஒரு தாமரையை வெட்டி ஒட்டி, பக்கத்தில் இன்னொன்று ஒட்டி, நாலு கரையும் சுற்றி வருவாள். ஊரில் பாதிச் சனம் அவளுடைய தாமரைக்குள் இருந்துதான் மேலுலகம் போயிருக்கிறது.

கைப்பக்கத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டுப் பார்த்தாள். வெட்டினால் முகத்திலும் பாதி போய்விடும்.

நிரோஜினி மேல் அவளுக்கு ஒரு மதிப்பு உண்டு. மறதி வந்து ரயில் பாதை வழியே நடந்து திரிந்த மனுசனை, ஒரு நாள்கூடப் படலைக்கு வெளியே போகவிடாமல் இரண்டு வருசம் பார்த்தவள். பின் அட்டைக்கு 'தந்தையைக் கண்ணென்று காத்த மகள்' என்று தட்டியபோது கேதீஸ்வரிக்கே கண் கலங்கியது.

ஆனாலும் இந்த விசயத்தில் நியாயம் அண்ணன் பக்கம் என்று பட்டது.

"தங்கச்சி, கொப்பர் கௌரிக் காப்பெல்லோ கட்டியிருக்கிறார். விரதக்காரன்ரை காப்புக்கு மேலை நான் எப்பிடிப் பூ ஒட்டுறது?"

மணிக்கட்டில் மஞ்சள் நூல் மெல்லிசாகத் தெரிந்தது. இடக்கை. ஆம்பிளைகள் வலக்கையில் அல்லவோ கட்டுவார்கள் என்று ஒரு கணம் யோசித்தாள். செல்போன் சிலவேளை இடம் வலம் மாற்றிக் காட்டும் என்று விட்டுவிட்டாள்.

"பாத்தியே?" என்றான் பிரகலாதன். "எழும்ப ஏலாத நேரத்திலையும் அப்பா விரதம் விடயில்லை. ஊர் பாக்கட்டும். காப்பு வடிவாத் தெரியவேணும் அக்கா, கொஞ்சம் பெருப்பிச்சுக் காட்டுங்கோ."

"பெருப்பிக்காதையுங்கோ," என்றாள் நிரோஜினி. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அதற்குள் கேதீஸ்வரி பெருப்பித்துவிட்டாள். அது நூல் இல்லை, கயிறு மாதிரி முறுக்கு முறுக்காக இருந்தது. மணிக்கட்டோடு முடியவும் இல்லை. தலையணைக்கு மேலால் போய், கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் ஏறியது.

பிரகலாதன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். நிமிர்ந்து தங்கையைப் பார்த்தான். அவள் மேசையில் கிடந்த பின் அட்டைப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பஸ்ஸொன்று கோன் அடித்துக்கொண்டு போனது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

"கையை மறையுங்கோ அக்கா. கம்பியிலை முடிச்சும் தெரியுது, அதிலையும் ஒரு தாமரை வையுங்கோ."