போல்கா பிறந்த ஊர்

"போல்கான்னா எங்க பாஷையில போலந்துக்காரின்னு அர்த்தம், புரொபசர் ஐயா. இதுல ஆராய என்ன இருக்கு?" என்றாள் போஷெனா, கசகசா கேக்கைத் துண்டு போட்டபடி.

லுபோமிருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எல்லையில் ஓடும் ஓல்சா ஆற்றுக்கு மறுபுறம், செக் கரையில் வசிப்பவர் அவர். சொற்களின் பூர்வீகத்தைத் தோண்டியே தலை நரைத்தவர். ஐரோப்பிய நடனங்களுக்கு ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். போலந்துக் கரையில் இருந்த அவளுடைய கேக் கடைக்குக் காபி குடிக்க வந்த இடத்தில், போல்கா என்ற நடனத்தின் பெயர் செக் சொல் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அரை அடி எடுத்து வைத்து ஆடுவதால், செக் மொழியில் 'பாதி'யைக் குறிக்கும் சொல்தான் திரிந்து போல்கா ஆனது என்பது அவர் கட்சி. மறுநாளே ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி எங்கும் அதே பெயர். ஸ்பெயின்காரர் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். பின்லாந்துக்காரர் 'போல்க்கா' என்று அழுத்திவிட்டார். எல்லோருக்கும் அது எங்கள் நாட்டிலிருந்துதான் போனது என்று அடுக்கினார்.

"போனது சரி. யாரை நெனச்சுப் பேர் வச்சாங்க?" என்று ஒரே கேள்வியில் மடக்கிவிட்டு, காபியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

குளிர்காலம் முழுக்க இதே கதைதான். அவள் போலிஷில் வாதாடுவாள், அவர் செக் மொழியில் மல்லுக்கு நிற்பார்; ஒட்டிய மொழிகள், இருவருக்கும் புரியும். இருவருமே துணையை இழந்தவர்கள். ஒரு சனிக்கிழமை, அந்த அரை அடியை ஆடித்தான் காட்டுங்களேன் என்று நடன மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். மூச்சு வாங்க ஆறு சுற்று ஆடினார். அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த காகிதக் கட்டுகள் மெலியத் தொடங்கின. வருகை மட்டும் குறையவில்லை.

அகராதி அச்சுக்குப் போகும் நாளில் போல்கா வரும் பக்கத்தை அவள் முன் வைத்தார். போலந்துக்காரி என்ற பொருள் முதலில் இருந்தது. பாதி என்பது அதற்குக் கீழே.

"வாழ்க்கையில மொத தடவையா என் கட்சிய நானே கீழ தள்ளியிருக்கேன். இந்தப் போலந்துக்காரி என்னைக் கட்டிக்குவாளா?" என்று கேட்டார்.

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு ஏப்ரனை அவிழ்த்துவிட்டு, சான்றிதழ்களை எடுத்துவர உள்ளே போனாள்.

பதிவு அலுவலகத்தில் மணமகளின் பிறப்புச் சான்றிதழை எழுத்தர் உரக்கப் படித்தார்: "பிறந்த ஊர், பிராக். தாய், தந்தை இருவரும் செக் இனத்தவர்."

லுபோமிர் சான்றிதழை எழுத்தரிடமிருந்து வாங்கித் தானே ஒருமுறை படித்தார்.

"போலந்துக்கு வாக்கப்பட்டு வந்தவதான் நான்," என்றாள் போஷெனா, சுத்தமான செக் மொழியில். "போல்கான்னா 'பாதி'தான்னு எனக்கும் தெரியும். மொத நாளே ஒத்துக்கிட்டிருந்தா, ரெண்டாம் நாள் வந்திருப்பீங்களா?"