ஆளுக்கொரு ஸ்பீக்கர்

“கையை எடுத்தே, அவ்வளவுதான்!” என்றார் கணவர்.

அவள் எங்கே எடுக்கப் போகிறாள்? பத்து விரலும் பசையில்.

ஹால் நடுவே பழைய போர்வையின் மேல் மல்லாந்து கிடந்தது ஸ்பீக்கர். மாமனார் காலத்துப் பெட்டி. பாதி ஆள் உயரம், முழு ஆள் கனம். காகிதக் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் மக்கிப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. புது வளையம் ஒட்டுகிறார்கள்.

ஒட்டுவது ஒரு காரியமே இல்லை. பசை பிடிக்கிற வரை சுற்றிலும் ஒரே சீராக அமுக்கிக்கொண்டு உட்கார வேண்டும், அதுதான் காரியம். ஒரு பக்கம் எழும்பினால் கோன் சாயும். சாய்ந்தால் உள்ளே உரசும். உரசினால் பாடுகிறவருக்கு ஆயுசுக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இதற்கு முன் ஒரு வளையம் அப்படித்தான் குப்பைக்குப் போனது. இதுதான் கடைசி. இந்த அளவில் இனிமேல் வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இரண்டு பேர் கையும் சேர்ந்து முக்கால் வட்டம்தான் எட்டியது. ஜன்னல் பக்கத்துக் கால் வட்டம் மெல்ல எழும்ப ஆரம்பித்தது.

“என்னங்க, தூக்குது.”

“தெரியுது, தெரியுது.”

“முழங்கையால அமுக்கட்டுமா?”

“ஏண்டி, மாவா பிசையறோம்?”

அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. மாடிப்படிப் பக்கம் கழுத்தைத் திருப்பி, “தம்பீ! ஓடி வாங்க, அவசரம்!” என்று குரல் கொடுத்தாள்.

கணவர் முகம் சுண்டிப்போனது.

மாடியில் இருப்பது அவருடைய தம்பி. அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது. அப்பா போனபின் சாமான்களைப் பங்கு பிரித்தபோது, இந்த ஸ்பீக்கர் ஜோடி யாருக்கு என்று மூண்ட சண்டை. சமாதானம் செய்ய வந்த தாய்மாமன், “ரெண்டு பிள்ளை, ரெண்டு பெட்டி. இதுல என்னப்பா குழப்பம்?” என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து, ஒரே பாட்டைப் போட்டாலும் கீழ்வீட்டில் பாடகி மட்டும் பாடுவாள், மேல்வீட்டில் தபேலா மட்டும் கேட்கும்.

சின்னவர் பாதி முகத்தில் சவர நுரையோடு தடதடவென்று இறங்கி வந்தார்.

“யாருக்கு என்ன ஆச்சு அண்ணி?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல. இந்தப் பக்கம் உக்காந்து அமுக்குங்க.”

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து காலியாயிருந்த கால் வட்டத்தில் விரல்களைப் பதித்தார்.

மூன்று தலைகளும் முட்டிக்கொள்ளாத குறை.

“அவன்கிட்ட சொல்லு. நகத்தால அமுக்கக் கூடாது, விரல் நுனியால அமுக்கணும்.”

“தம்பி, நகம் படாம...”

“காதுல விழுந்துச்சு அண்ணி. அவரை முதல்ல கட்டைவிரலைத் தளர்த்தச் சொல்லுங்க. அங்கதான் கோணுது.”

“என்னங்க, கட்டைவிரலை...”

“எனக்கும் காது இருக்கு.”

இருந்தாலும் தளர்த்தினார். எழும்பிய பக்கம் படிந்தது.

அப்போதுதான் சின்னவரின் தாடையிலிருந்து ஒரு கொத்து நுரை வழுக்கத் தொடங்கியது. நேர் கீழே காகிதக் கோன். நனைந்தால் தொலைந்தது.

“ஐயோ, அவனைத் துடைக்கச் சொல்லு!”

“எந்தக் கையாலன்னு கேளுங்க அண்ணி!”

நுரை தாடை நுனிக்கு வந்து ஆடியது. அவள் முந்தானையைப் பார்த்தாள். கையை எடுத்தால்தானே?

கணவர் சட்டென்று குனிந்து, விரல்களை அசைக்காமல், தம்பியின் தாடையைத் தன் சட்டைத் தோளால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டார். சலவைக்குப் போய் வந்த சட்டை.

அதன்பின் விரல்கள் மரத்துப்போகும் வரை அப்படியே இருந்தார்கள்.

கடைசியில் கணவர் மெதுவாகக் கையை எடுத்தார். கோனை லேசாக அமுக்கி, காதை வைத்துக் கேட்டார். உரசல் இல்லை. மறுபடியும் அமுக்கினார். இல்லவே இல்லை.

சின்னவர் எழுந்தார்.

“அண்ணி, காஞ்சதும் என் பெட்டியை யாரு மேல தூக்கிட்டு வரப்போறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க.”

கணவர் பசை டப்பாவில் எழுதியிருப்பதை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். சின்னவர் வெளியூர் போயிருந்த அன்று, கணவர் சொல்லித்தான், அவளும் ஓரகத்தியும் மூச்சு வாங்க அந்தப் பெட்டியைப் படிப்படியாகக் கீழே இறக்கினார்கள். ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறது என்று ஓரகத்தி சின்னவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

“இது அவன் பெட்டின்னு யாரு சொன்னது?” என்றார் கணவர், டப்பாவிடம்.

“நடுவுல இருக்கற குழி சின்ன வயசுல நான் குத்துனது. அதுக்கு நீ குடுத்த அறை இன்னும் வலிக்குது.”

“பின்ன? குத்தினா கொஞ்சுவாங்களா?” கணவர் டப்பாவைக் கீழே வைத்தார். “என்னுது போன மாசமே சரியாயிடுச்சுடா. ஒத்தையா பாடுது. கேக்க சகிக்கல.”

“அப்ப அதையும் மேல கொண்டு வா.”

“மேலயா? உன் ஹால் தீப்பெட்டி மாதிரி. அதுல ரெண்டு பெட்டி வச்சா நீ எங்கடா நிப்பே?”

“உன் ஹால் மட்டும் என்ன, கல்யாண மண்டபமா? தும்முனா நாலு தடவை எதிரொலிக்குது.”

“அதெல்லாம் தெரியாது. ரெண்டும் இங்கதான். வேணும்னா நீ கீழ வந்து கேளு.”

“நான் எதுக்கு வரணும்? நீ வா!”

குரல்கள் தெருவரைக்கும் கேட்டன.

அவள் சமையலறைக் குழாயடியில் விரல் விரலாகப் பசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நடுவிலிருந்து அவள் எழுந்து வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருவரும் இன்னும் கவனிக்கவில்லை.